ஜவ்வு மாமன்

மோகனன் மாமனுக்கு நடந்தது அநியாயம். சொந்தத் தங்கச்சி மகளின் கல்யாணப் பந்தியில், நூறு பேர் பார்க்க, அவருக்கு 'ஜவ்வு' என்று பேர் வைத்தார்கள்.

வைத்தது வேறு யாருமில்லை. கல்யாணப்பெண் ஜிஜியின் அண்ணன் பிபின்.

கேரள எல்லையோரம், பாறசாலையில் ஒரு ஆடிட்டோரியம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் கடைசி ஆள் இலையை மடக்கும்வரை ஒருத்தரும் எழும்பக்கூடாது. அடுத்த பந்திக்காரர்களோ, எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள். போளி, சவ்வரி போட்ட சேமியாப் பாயசம், மோர் எல்லாம் முடிந்தாயிற்று. என் பக்கத்தில் இருந்த மோகனன் மாமன் மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"மாமா, எழும்புங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்காங்க" என்றான் பிபின்.

"இப்பம் ஆச்சு மக்கா."

ஆகவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று.

"ஒந்நு எணீக்கு சேட்டா!" என்று மலையாளத்தில் எழும்பச் சொன்னது மாப்பிள்ளை பக்கத்துக் குரல் ஒன்று.

"ராத்திரி ரிசப்ஷனையும் இந்த இலையிலேயே முடிச்சுடலாம் போல" என்றது இன்னொன்று.

பிபினுக்கு மானம் போயிற்று. "இதென்ன மாமா, ஜவ்வு மாதிரி இழுக்கீங்க! எலே நிபின், ஜவ்வு மாமனை ஒரு வீடியோ எடு. குடும்ப குரூப்புல போடலாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மாமனும் சிரித்தார். அவருக்கு அந்தப் பக்கம், சுவரோரம் இருந்த பொழியூர் ஈசாக்கு மாமன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்தே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொழியூரில் மீன் ஏற்றி, பாறசாலைச் சந்தைக்கு முதலில் வந்து நிற்கும் வண்டி மோகனன் மாமனுடையது. அவரா ஜவ்வு?

"பிபினண்ணா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்லுறீங்களா?"

"தொடங்கியாச்சு! எம்.ஏ. மொழியியலாக்கும், எல்லாரும் கேளுங்க."

"ஜவ்வுன்னா சவ்வுதான். உடம்புக்குள்ள ஒவ்வொண்ணையும் பொதிஞ்சு காக்குற தோலு. அதுல என்ன கேவலம்?"

"அப்பம் நாங்க பாயசத்துல குடிச்ச சவ்வரி?"

"அதுல ரெண்டு கட்சி உண்டு. சவ்வு மாதிரி இழுபடுறதால சவ்வரிசின்னு ஒரு கூட்டம். ஜாவாவுல இருந்து வந்த அரிசின்னு இன்னொரு கூட்டம். இன்னும் தீரல்ல."

"தீராது பிள்ளே. அதும் ஜவ்வாக்கும்!"

மறுபடியும் சிரிப்பு. என் காது சூடாகிவிட்டது. நான் விடுவேனா?

"சவைக்கிறதுன்னா மெல்லுறது. மலையாளத்துலயும் அப்படித்தான் சொல்லுறோம். அதுல இருந்துகூட வந்திருக்கலாம். ஒரு மனுஷன் பைய சவைச்சுத் தின்னா அது குத்தமா?"

சொல்லிக்கொண்டே மாமனின் இலையைப் பார்த்தேன். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெறும் வாய்!

கையில் சாட்சி கிடைத்துவிட்டது. "பிபினண்ணா, இங்க வந்து பாருங்க! இவரு தின்னு முடிச்சு எவ்வளவோ நேரம்..."

மேசைக்கு அடியில் என் காலில் ஓங்கி ஒரு மிதி. மாமன்தான்.

"மக்கா, இன்னொரு போளி போடு. அதுக்கு மேல கொஞ்சம் பாயசமும் விடு" என்று விளம்புகிறவரைக் கூப்பிட்டார்.

பின்னால் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஜவ்வு! ஜவ்வு!" என்று இளவட்டங்கள் மேசையைத் தட்டின. நிபினின் போன் கிட்டே வந்தது. மாமன் அதைப் பார்த்துக் கை காட்டி, இன்னும் கொஞ்சம் அகலமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் அவர் காதருகே சீறினேன். "உங்களுக்கு ரோஷமே கிடையாதா மாமா? உங்க மேல தப்பில்லைன்னு நான் நிரூபிக்கப் பாக்கேன். காலை மிதிக்கீங்க! அவனுக்கு ஒரு பதில் சொல்லக்கூடாதா?"

அவர் போளியில் ஒரு நுள்ளு பிய்த்து வாயில் போட்டார். கண்ணால் மட்டும் அந்தப் பக்கம் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன்.

ஈசாக்கு மாமனின் வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கை விரல்கள் இலையில் மோர்ச் சோற்றைத் துரத்திக்கொண்டிருந்தன. ஒரு வாய் எடுப்பதற்குள் பாதி சிந்தியது. இன்னும் அரை இலைச் சோறு மீதி இருந்தது. பக்கவாதம் வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறார். காலையில் மோகனன் மாமன் அவரைக் கைத்தாங்கலாக வண்டியில் இருந்து இறக்கியதைப் பார்த்தவள்தான் நான். வார்த்தைக்குப் பின்னால் ஓடியதில் மறந்துபோனேன்.

மாமன் மெல்லுவதை நிறுத்தாமல், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"நீ வாதத்துல ஜெயிச்சா, இந்தப் பேரு அடுத்த இலைக்காக்கும் போவும் மக்கா. இன்னைக்கு ஒருக்கா தோத்துத் தா."