பச்சைப் பூவரசில் செய்த கார்

எங்கள் சபையில் சத்தியம் செய்வது தப்பு. தெரிந்தேதான் செய்கிறேன்: கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி. அன்றைக்கு எனக்குக் கல்யாணம். கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டு வாசலில், கோட்டும் டையுமாகக் குனிந்து, வெட்டுக்கத்தியால் என் காரின் வேரை வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், வேர்தான்.

அது ஒரு ஸ்டேஷன் வேகன். முன்பக்கம் இரும்பு, பின்பக்கம் முழுக்க மரம். தெருவில் அதற்கு அலமாரி வண்டி என்று பெயர். கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு மிஷன் துரை விட்டுவிட்டுப் போனது. மரத்தையெல்லாம் கரையான் தின்றுவிட, மிச்சத்தை நான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

காரணம் பியூலா.

பியூலாவின் அப்பா தேவானந்தம், கூடுவாஞ்சேரியில் ஹெட்மாஸ்டர். “கார் வந்தால் பெண் வரும். சைக்கிள் வந்தால் சைக்கிள் அப்படியே திரும்பிப் போகும்” என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அவரிடம் படித்தவர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

மரவேலையைப் பொன்னுசாமியிடம் ஒப்படைத்தேன். அவர் மாட்டுவண்டிச் சக்கரம் செய்கிறவர். மாட்டுவண்டிக்குப் பூவரசு என்றால் காருக்கும் பூவரசுதான் என்பது அவர் கட்சி. வெட்டிய பூவரசை ஏரித் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, அதற்கப்புறம்தான் உளி வைப்பார்கள். ஆனால் சர்ச்சில் எங்கள் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் அடுத்தது கல்யாணம்தான். ஊறப்போட ஏது நேரம்?

“பச்சை மரத்திலேயே செய்தால் என்ன ஆகும், பொன்னுசாமி?”

“ஒண்ணும் ஆவாது சார். அதுக்கு இன்னும் உசுரு கீது, அவ்ளோதான்.”

பச்சையாகவே அறுத்து, பச்சையாகவே இழைத்து, வார்னிஷ் அடித்து நிறுத்தினோம். மழை பிடித்தது. மழை விட்டபோது கதவு துளிர்த்திருந்தது.

மீசை வெட்டும் கத்திரியால் நறுக்கினேன். நறுக்க நறுக்க இன்னும் செழிப்பாக வந்தது. கல்யாணத்தன்று பார்த்தால் கூரை மேல் ஓர் ஆள் உயரத்துக்கு இலை. அடியில் வேர் இறங்கி, பின்சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“பாத்து வெட்டு சார். அதுக்கு வலிக்கப் போவுது” என்றார் பொன்னுசாமி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு.

கடைசி வேர் அறுந்ததும் வண்டி பெருமூச்சு விட்டது. கிளம்பினோம். மாப்பிள்ளையே போய்ப் பெண்ணை அழைத்து வருவது எங்களில் வழக்கமில்லை. ஆனால் அந்த வண்டி வேறு யார் கைக்கும் மசியாது.

ஹார்ன் கிடையாது. பொன்னுசாமி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஓர் இலையைப் பறித்துச் சுருட்டி, பீப்பி ஊதிக்கொண்டு வந்தார். லாரிகள் ஒதுங்கி வழி விட்டன.

வண்டலூர் மலை பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஓரத்தில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துக் கூடு தைத்துக்கொண்டிருந்தது. இறங்கு என்று சொல்ல மனம் வரவில்லை. இலைகளின் நிழல் என் கோட்டின் மேல் ஆடியது. கார் ஓட்டுகிறேனா, மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஊரப்பாக்கத்தில் ஆடுகள் சேர்ந்துகொண்டன. ஓடிக்கொண்டே எட்டி எட்டித் தின்றன. ஆட்டுக்காரி கன்னியம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

“யோவ் கோட்டு! என் ஆட்டையெல்லாம் எங்கய்யா இட்டுகினு போற?”

“கல்யாணத்துக்கும்மா!” என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆடு கடித்த இடத்திலெல்லாம் பூ வந்தது. கல்யாணக் காருக்குப் பூ ஜோடிக்கவில்லையே என்ற கவலையும் தீர்ந்தது.

கூடுவாஞ்சேரியில் தேவானந்தம் குடையோடு வாசலில் நின்றிருந்தார். ஒரு மஞ்சள் பூ மரம் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து திரும்பி, ஆடுகள் சூழ, அவர் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஜெபசீலன், கார் வரும் என்றீர்களே?”

“இதுதான் மாமா.”

“இது மரம்.”

அவர் குடையை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அப்போது பியூலா வெளியே வந்தாள். வெள்ளைப் புடவை, தலையில் நெட். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரு கிளையை ஒதுக்கி, கைப்பிடியைக் கண்டுபிடித்து, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

“எந்த மரத்துக்குப்பா கதவு இருக்கும்? ஏறுங்க, போதகர் காத்துக்கிட்டு இருப்பார்.”

ஹெட்மாஸ்டர் மகளைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு, பின்சீட்டு ஓரத்தில், பரீட்சைக்கு வந்த பையனைப் போல உட்கார்ந்தார்.

திரும்பி வரும் வழியில் வெயில் இலைகளுக்குள் புகுந்து பச்சையாகி அவள் புடவையில் விழுந்தது. பொன்னுசாமி பீப்பியை மெதுவாக, தாலாட்டு மாதிரி ஊதினார். மஞ்சளாக இருந்த பூக்கள் பெருங்களத்தூர் வருவதற்குள் ஒவ்வொன்றாகச் சிவக்க ஆரம்பித்தன.

சர்ச் வாசலில் பியூலா இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டபோது, அத்தனை பூவும் சிவந்திருந்தது. உள்ளே பாட்டுத் தொடங்கியது.

கூடுவாஞ்சேரிக்கு நான் போனது சைக்கிளில்தான்; சைக்கிள் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு நடந்தது ஒரே ஒரு கல்யாணம். என் மனைவியின் பெயர் ஞானசௌந்தரி.