சோதனைப் படங்கள்

"பதினாறாம் நாளுக்கு மாலை போட அக்கா படம் ஒண்ணு வேணும் மாமா. கல்யாண ஆல்பமும் வெள்ளத்துல போயிடுச்சு. ஆதார் கார்டுல இருக்கிறதையா பெருசு பண்ணி மாட்டுறது?" என்று பூங்கொடியின் தம்பி கேட்டான். சிவநேசன் லேப்டாப்பைத் திறந்தான். நான்கு வருடத்தில் மூன்று மிரர்லெஸ் கேமரா, வாடகைக்கு எடுத்துப் பார்த்துப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த பதினேழு லென்ஸ். ஒவ்வொன்று வந்தபோதும் மனைவியை மொட்டைமாடிச் சுவரோரம் நிறுத்தி, அன்றைய பேப்பரை விரித்துப் பிடிக்கச் சொல்வான். பொடி எழுத்துகூடத் துல்லியமாக விழுந்தால்தான் லென்ஸ் தேறும். "இன்னும் கொஞ்சம் மேல தூக்கு" என்பான். "என்னை எப்பங்க எடுப்பீங்க?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "சரியான லென்ஸ் அமையட்டும்." அதுவரை செல்போனில்கூட அவளை யாரும் எடுக்க அவன் விட்டதில்லை, முகத்தைக் கெடுத்துவிடுமாம்.

இப்போது ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனான். வரி விளம்பரம், ராசிபலன், மின்தடை அறிவிப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பேப்பரின் இரண்டு ஓரத்திலும் அவள் விரல்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் காற்று பேப்பரின் மேல்முனையை மடக்கிவிட்டிருந்தது. அதைப் பெரிதாக்கினான். அவளுடைய ஒரு கண் தெரிந்தது, அவனையே பார்த்தபடி. அதற்குக் கீழே அச்சாகியிருந்த ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு கூர்மை. கண் மட்டும் மங்கலாக இருந்தது. சிவநேசன் தன் கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். அப்போதும் மங்கலாகத்தான் இருந்தது.