துபாயிலிருந்து பார்க்கிறவன்

“பாயம்மா, உங்க கடை கேமராவை எவனோ துபாய்லேர்ந்து பாத்துக்கினு கீறான்!” என்றான் நெட் சரிபார்க்க வந்த சிவகுமார்.

கடையில் தனியாக உட்கார்ந்திருந்த ஹமீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “எப்டிப்பா?”

“கேமரா ஒயருங்கள சொருவி வெச்சிருக்குற இந்த நெட்வொர்க் சுவிட்ச் பொட்டியோட வெப் பக்கத்துல ஓட்டை கீது. பாஸ்வேர்டு இல்லாமயே நுழையறான். கல்லா கேமராவைத் தொறக்கல, தெனம் நீங்க குந்துற எடத்து கேமராவைத்தான் பாக்குறான். அடைச்சிடட்டுமா?”

“நான் தெளிவாத் தெரியுறனா?”

“மங்கலாத்தான், வெளிச்சம் பத்தல. சுவிட்ச்சை மாட்டுனவனுக்குத்தான் இந்த ஓட்டை தெரிஞ்சிருக்கும். யாரு மாட்டுனது?”

“எம்புள்ள லுக்மான். சண்டை போட்டுக்கினு துபாய் போனவன், ஒரு போன்கூடப் பண்றதில்ல.”

சிவகுமார் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான்.

“அடைக்காத தம்பி,” என்றாள் ஹமீதா. “என் தலைக்கு மேல ஒரு பெரிய பல்பு மாட்டிக் குடு.”