நீலக் கட்சி

பையைக் கவிழ்த்து உதறியும் கிராம்பு மணக்கும் அந்த நீலப் பற்பசை கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற நில அளவையருக்கு வியர்த்தது. துண்டில் சுற்றித் தன் கையாலேயே வைத்தது. மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் முதல் தடவையாகத் தங்குகிறார். பல் விளக்காமல் சம்பந்தி முன்னால் போய் உட்கார முடியுமா?

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே சிவப்புப் பற்பசை ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது.

மூன்று தலைமுறையாக அவர் வீடு நீலம். அவருடைய தெருவில் இருக்கும் கடைக்காரர், அவர் தலை தெரிந்தாலே சிவப்பை எடுத்து ஒளித்துவைப்பார். சம்பந்தி வீடோ பரம்பரைச் சிவப்பு.

நிச்சயத்தன்று சபை நடுவே சம்பந்தி கேட்டார்: "நீலமா? உங்க வீட்டுல யாருக்காவது சொந்தப் பல் இருக்கா?"

இவர் எழுந்து நின்றார். "சிவப்பு என் வாயில பட்டா மீசையை எடுத்துடறேன்!"

"நீலம் பட்டா நானும் எடுத்துடறேன்!" என்று அவரும் எழுந்தார்.

இரண்டும் லேசுப்பட்ட மீசைகள் அல்ல.

அளவையர் கதவைத் தாழிட்டார். தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். மிளகளவு பிதுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விளக்கினார்.

இனித்தது. பாழாய்ப்போனது, நன்றாகவும் இருந்தது.

இன்னொரு மிளகளவு பிதுக்கினார்.

எல்லாவற்றையும் துடைத்து, பழைய சாய்வு மாறாமல் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார். முகம் கழுவச் சம்பந்தி உள்ளே போனார்.

மேசையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சிவப்பு வீட்டார் டியூபை நடு வயிற்றில் அமுக்குகிறவர்கள். இவர் கையோ, ஆயுள் பழக்கத்தில், அதன் வாலை நூல் பிடித்தாற்போல் மூன்று மடிப்பு மடித்து வைத்துவிட்டது.

கை தானாக மீசைக்குப் போனது. இன்னும் கொஞ்ச நேரம்தான் அது அங்கே இருக்கும்.

கதவு திறந்தது. சம்பந்தி சிரிப்பை அடக்கியபடி வந்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்த மகளைத் தாண்டி, குனிந்து, இவர் காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

"மடிப்பு பிரமாதம், சம்பந்தி."

அளவையர் மூச்சை ஒருமுறை ஆழ இழுத்தார்.

கிராம்பு மணந்தது.

மீசையிலிருந்து கையை எடுத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சம்பந்தி. உங்க மீசை மட்டும் என்ன குறைச்சலா?"