கோட்டுடன் வரவும்

ஆய்வகத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்த பிறகு செண்பகவல்லியை யாரும் கூப்பிடவில்லை. இருபத்தெட்டு வருடம் கோபால்ட் சேர்மங்கள் செய்தவள், பதினொரு மாதமாகச் சமையலறைக் கரண்டிகளை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு அணிந்த வெள்ளைக் கோட்டு, வீட்டுத் துணியோடு சேரக்கூடாதென்று பால்கனி ஆணியிலேயே தொங்கியது. நேற்று ஒரு வரிச் செய்தி வந்தது: ‘நாளை காலை, உங்கள் பழைய கோட்டுடன் வரவும்.’

கோட்டை ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே போய்விட்டாள். வரவேற்பறையில் உட்கார முடியவில்லை. பொறுப்பாளர் தௌஃபீக் வேகமாக வந்தார்.

“மேடம், நீங்க கண்டுபிடிச்ச நீலச் சேர்மம் படிகமாகவே மாட்டேங்குது. இயந்திரம் நானூறு தடவை பண்ணிப் பாத்துடுச்சு. எண்ணெய் மாதிரியே நிக்குது.”

“குடுவையோட உள்சுவரைக் கண்ணாடிக் கம்பியால சுரண்டணும். நான் உள்ள வரட்டுமா?” அவள் கைகள் அதற்குள் கையுறையைத் தேடின.

“அதையும் பண்ணிடுச்சு மேடம். உங்க காலத்துல அந்தப் படிகத்தோட தூசி அறை முழுக்கப் பறந்திருக்கு. அதுல ஒரு துணுக்கு குடுவைக்குள்ள விழுந்தாப் போதும், மொத்தமும் படிகமாயிடுமாம். இங்க இப்ப தூசியே கிடையாது. உங்க கோட்டுல ஒட்டியிருக்கும்னு இயந்திரம் சொல்லுது. கோட்டை மட்டும் குடுத்துட்டு நீங்க கிளம்பலாம்.”

செண்பகவல்லி பையைத் திறக்கவில்லை. மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“என்னாச்சு மேடம்?”

“இத்தனை நாள் கழிச்சுக் கூப்பிட்டீங்களேன்னு, நேத்துதான் முதல் தடவையா வீட்ல சோப்புப் போட்டு, மூணு தண்ணி அலசி, இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்.”