அட்டையில் யார் பெயர்?

“அட்டையில என் பேரு வரலைன்னா ஒரு பக்கம்கூட உங்க கைக்கு வராது. சொல்லிட்டேன்!”

நரைமீசைக்காரர் மேசையில் ஓங்கி அறைந்தார். மேசை மேலிருந்த பகடை துள்ளி உருண்டு, சுழல் நாற்காலியின் காலடியில் போய் விழுந்தது.

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “கத்தாதீங்க சார். மணல் தீர இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள வேற யோசனை ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்று மேசையிலிருந்த மணல் கடிகாரத்தை விரலால் தட்டினாள்.

மணல் தீருமுன் எழுந்து போனால் தோற்றதாக அர்த்தம். அந்த அறையில் அதுதான் சட்டம். நரைமீசைக்காரர் எந்த மேசையிலும் தோற்றுப் பழக்கமில்லாதவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். ஒரு கால் குட்டையான ஸ்டூல் அது. அவர் கோபத்துக்குத் தாளம் போட்டது.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ சூனியக்காரியாகவோ மாறி, பேசிப் பேசியே ஆடுகிற விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனி அது. மூல ஆட்டம் வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கியாயிற்று. இனி பிழைப்பெல்லாம் அதற்குப் போடுகிற துணைப் புத்தகங்களில்தான். ஒவ்வொன்றிலும் ஒரு புது உலகம், புது ஆபத்து, புது வேஷம் இருந்தாக வேண்டும்.

“கடலுக்கடியில ஒரு சந்தை” என்று ஆரம்பித்தார் நரைமீசைக்காரர். “அங்க காசு செல்லாது. ஞாபகத்தைக் கொடுத்துத்தான் எதையும் வாங்கணும். நல்ல வாள் ஒண்ணு வேணும்னா, பெத்த அம்மா முகத்தை மறந்துடணும்.”

“அழுகாச்சியா இருக்கு. அழுகையை எவன் காசு கொடுத்து வாங்குவான்? அடுத்தது.”

“செத்த டிராகன் வயித்துக்குள்ள ஒரு ஊர். விலா எலும்புக்கு நடுவுலதான் தெருவெல்லாம். ஒரு நாள் பார்த்தா, அதோட நெஞ்சு மறுபடி துடிக்க ஆரம்பிக்குது...”

“டிராகன் பறந்தாத்தான் விக்கும். படுத்துக்கிடந்தா விக்காது. அடுத்தது.”

யோசிக்காமல், மனப்பாடம் செய்ததுபோல் வந்து விழுந்தன பதில்கள். மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த ஓவியர் தலையை இன்னும் கீழே தாழ்த்திக்கொண்டார்.

நரைமீசைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரி, இதைக் கேளுங்க. வீரனுங்க எல்லாம் தோத்து ஓடிட்டானுங்க. கோட்டையில மிச்சம் சமையக்காரியும், குதிரைக்காரனும், துணி துவைக்கிறவனும்தான். எதிரிப் படை வாசல்ல நிக்குது. இவங்க கையில வாள் கிடையாது. கரண்டி, கடிவாளம், சோப்புத் தண்ணி. அதை வெச்சே கோட்டையைக் காப்பாத்தணும்.”

சொல்லச் சொல்ல அவர் குரலே மாறிவிட்டது. தான் பெற்ற பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியவர் மாதிரி இருந்தார்.

நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. “இது நல்லாருக்கு. உடனே போட்டுடலாம். அட்டையில கம்பெனி பேரு.”

“கம்பெனியா யோசிச்சுது? நான் யோசிச்சேன்!”

“சம்பளம் வாங்குறீங்க இல்ல? அப்புறம் பேரு வேற எதுக்கு?”

“சம்பளம் என் உழைப்புக்கு. பேரு என் மானத்துக்கு!”

அப்போது கதவு திறந்தது. கையெழுத்து வாங்கக் காகிதங்களோடு வந்த கணக்கர், நாற்காலியைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். எங்கே நீட்டுவது என்று தெரியாமல் விழித்துவிட்டு, வந்த வழியே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

“உங்களை விட்டா ஆளே இல்லைன்னு நினைப்பா? வெளிய நூறு பேர் நிக்கிறாங்க” என்றாள் அவள்.

அவ்வளவுதான். நரைமீசைக்காரர் எழுந்தே விட்டார். பிறகு மணலைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். மீசை படபடத்தது.

“கூப்பிடுங்க அந்த நூறு பேரை! ஒருத்தனாவது அந்தச் சமையக்காரியைப் பேச வைக்கட்டும், பார்க்கலாம். ராத்தூக்கம் கெட்டு ஒருத்தன் ஒரு உலகத்தையே உண்டாக்குவான், நீங்க நோகாம உங்க முத்திரையைக் குத்திக்குவீங்க. இதுக்குப் பேரு வியாபாரம் இல்ல மேடம், திருட்டு! இந்த நாற்காலி என்ன சாசுவதமா? ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும்!”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “வரும் சார். கண்டிப்பா வரும்.”

“பேரு இல்லாம புத்தகம் இல்ல. இது என் கடைசி வார்த்தை. உங்களால ஆனதைப் பார்த்துக்குங்க!”

கடைசி மணலும் இறங்கியது.

அவள் எழுந்தாள். பகடையைப் பொறுக்கி அவர் முன்னால் வைத்தாள். சுழல் நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

“ஆட்டம் முடிஞ்சுது முதலாளி. இப்ப உங்க நாற்காலியில உட்கார்ந்து, நேத்து அட்டையில என் பேரைக் கேட்டப்போ எனக்குச் சொன்ன அதே பதிலைச் சொல்லுங்க.”