முதல் கவளம்

நான் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது அஜ்மான் நகரம் முழுவதும் மூச்சை நிறுத்தியது.

சரி, மூன்று பேர். என் மனைவி பத்மாசனி, மகள் கஜானி, மருமகன் நிருபன்.

சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தது கீரை வறை. போன மாத மழையில் மகளின் ஃபிளாட்டுக்கு முன்னாலுள்ள வெறும் மணல் பச்சை பிடித்துவிட்டது. மழை என்றால் மழை! ஒட்டகம் ஒன்று நீந்திப் போனதை என் கண்ணால் கண்டேன். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம்.

கார்கள் நிறுத்துகிற அந்த மணலில், தடித்த இலையோடு ஒரு செடி. பார்த்தால் ஊர்ச் சாரணைக் கீரை. கிட்டப் போனால் சாரணை இல்லை. எட்ட வந்தால் மறுபடியும் சாரணை.

விசிட் விசாவில் வந்த நாளிலிருந்து சூப்பர் மார்க்கெட் கீரையைத் தின்று வெறுத்திருந்த பத்மாசனி, எட்ட நின்று பார்த்தே முடிவெடுத்துவிட்டாள். நேற்று ஒரு பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, காருக்குக் கீழை முளைச்சதை ஆர் சாப்பிடுறது?”

“கொப்பர் சாப்பிடுவார்,” என்று என்னைக் காட்டினாள்.

எது உணவு, எது நஞ்சு என்று ஆதிமனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். மிருகங்களைப் பார்த்தானாம். மணந்து பார்த்தானாம். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தானாம்.

எல்லாம் கதை. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

முப்பத்தாறு வருடமாக அந்தப் பதவியில் இருப்பவன் சொல்கிறேன். சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிக் காட்டோரம் கிடந்த காலத்தில், கஜானிக்கு இரண்டு வயது. பெயர் தெரியாத இலை, ஊர் தெரியாத கிழங்கு, எதை அவித்தாலும் முதலில் என் முன்னால்தான் வைப்பாள் பத்மாசனி. நான் தின்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகுதான் பிள்ளைக்கு. அப்படி நான் உயிரைக் கொடுத்துச் சோதித்த கீரைகள் ஒரு மூவாயிரம் இருக்கும்.

இன்றைக்குக் கஜானி சட்டமே போட்டுவிட்டாள். அரை மணித்தியாலத்தில் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் எல்லோரும் சாப்பிடலாம். ஏதாவது ஆனால் வறை குப்பைக்கு, வெளியிலிருந்து பிரியாணி.

இரண்டாம் கவளத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது.

வறை அமிர்தம். தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சேர்ந்து நாக்கில் தேர் இழுத்தன. நாலு பேர் பங்கு போடுகிற பொருளே அல்ல.

பதினைந்தாம் நிமிடம் வயிற்றைப் பிடித்தேன். முனகிக்கொண்டே கண்ணை மேலே சொருகினேன். ஓய்வுபெற்ற தபாலதிபர் நான். அந்த ஒரு முனகலுக்காகவே என்னை நாடகத்துக்கு எடுத்திருக்க வேண்டும். சாகக் கிடக்கிறவன் என்றாலும் பரவாயில்லை, சட்டியைக் கொட்டுகிற வேலையை நானே ஏற்பதாகத் திட்டம். எனக்குத்தான் பெரிய வயிறு இருக்கிறதே, குப்பைத்தொட்டி எதற்கு?

நிருபன் கார்ச் சாவியை எடுத்தான். கஜானி போனை எடுத்தாள்.

பத்மாசனி அகப்பையை எடுத்தாள்.

“சும்மா இருங்கோ, ஒண்டும் செய்யாது. நேற்றுப் பின்னேரம் பச்சையா ஒரு இலை திண்டனான். இண்டைக்கு விடிய ஒரு பிடி அவிச்சுத் திண்டனான். நான் உயிரோடைதானே நிக்கிறன்?”

சொல்லிக்கொண்டே மகளுக்கு ஒரு அகப்பை, மருமகனுக்கு இரண்டு. சட்டியின் அடி தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைத் திரும்பியும் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினார்கள்.

வயிற்றிலிருந்து கையை எடுக்க மறந்துபோய்க் கேட்டேன்.

“அப்ப, வன்னியிலை?”

“அங்கையும் அப்பிடித்தான். பிள்ளைக்குக் குடுக்கிற சாமான் எல்லே.”

“பிறகேன் ஒவ்வொரு முறையும் எனக்கு முதல் தந்து, முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீர்?”

பத்மாசனி சட்டியின் அடியை வழித்து என் கோப்பையில் போட்டாள்.

“நான் உப்புப் போடாமல்தானே அவிச்சுத் தின்னுறனான். உப்பு ஆர் பாக்கிறது?”